பெருவிரல் பாடும் கிட்டார்

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் எங்கள் சபை மண்டபத்தில் நான் வாசிக்கப்போகிற கிட்டார் நிகழ்ச்சியின் பட்டியலை கமிட்டியில் கொடுத்தேன். அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டார்.

"டீச்சரே, மொதல்ல ஐரோப்பாக்காரங்க பாட்டு, இடைவேளைக்குப் பெறவு பிரேசிலு, அப்பிடி வச்சா கேக்கியவங்களுக்கு எளுப்பமில்லியா? இதுல ஜெர்மன்காரர் பாக்குக்கு அடுத்தாப்ல பிரேசில், பெறவு ஸ்பெயின், பெறவும் பிரேசில்னு கலந்து கெடக்கே?"

கலந்துதான் வாசிக்கப்போகிறேன் என்று சொன்னேன். ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் அவருக்கு முழுக் காரணமும் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அவருடைய பேரன் இதை அவருக்கு வாசித்துக் காட்டுவான்.

காரணம் எங்கள் பாடகர் குழுவில் தொடங்குகிறது. அருமனைப் பக்கம் சிறிய சபைதான் எங்களுடையது. ஆனால் நான்கு குரல் பாடுகிற கொயர் உண்டு. குமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ. சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே ஆராதனையில் ஜெர்மானிய மெட்டில் ஒரு பாமாலைப் பாட்டு வரும், அடுத்ததாக ராகம் தாளத்தோடு ஒரு கீர்த்தனை வரும். இரண்டுக்கும் எழுந்து நிற்போம், இரண்டையும் எங்களுடையது என்றே பாடுவோம். என் அப்பா அந்தக் கொயரில் பேஸ் பாடுகிறவர். சிறு வயதில் அவர் வீட்டில் தனியாகப் பாடிப் பழகும்போது எனக்கு ஒன்றும் புரியாது. மெட்டு மேலே சொப்ரானோவிடம் இருக்கும். அப்பாவிடம் இருப்பது நாலைந்து சுரங்களுக்குள் ஏறி இறங்குகிற அடிக்குரல் மட்டும். இது என்ன பாட்டு என்று கேட்பேன். "மக்களே, இது பாட்டுக்க கால். கீள உள்ளவன் தெற்றினா மேல உள்ளவன் பாடியது எல்லாம் போச்சு" என்பார்.

பெரிய வெள்ளிக்கிழமையில் நாம் பாடுகிற முள்முடிப் பாடல் இருக்கிறதே, அந்த மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் 1601இல் ஒரு காதல் பாட்டுக்காகப் போட்டது. பின்னால் அதற்கு பாடுமரணத்தின் சொற்கள் ஏறின. யோகான் செபாஸ்டியன் பாக் தன் மத்தேயு பாடுமரண இசையில் அந்த மெட்டை ஐந்து இடங்களில் வைத்திருக்கிறார். மெட்டு அதேதான். அடியில் நடக்கிற குரல்களை மாற்றும்போது ஓரிடத்தில் அது ஆறுதலாகக் கேட்கிறது, இன்னோரிடத்தில் மரணத்தின் கடைசி நேரமாகக் கேட்கிறது. அப்பா கால் என்று சொன்னது இதைத்தான் என்று எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது. மேல் மெட்டுக்கு அர்த்தம் கொடுப்பது கீழே நடக்கிறவன்.

கிளாசிக்கல் கிட்டாரில் அந்தக் கீழே நடக்கிறவன் வலது கைப் பெருவிரல். மேலே மூன்று விரல்கள் மெட்டையும் நடுக்குரலையும் பார்த்துக்கொள்ளும். தடித்த மூன்று கம்பிகளும் பெருவிரலுக்கு உரியவை. லூட் என்கிற பழைய கம்பிக் கருவிக்கான பாக்கின் இ மைனர் தொகுப்பில் உள்ள பூரே என்கிற நடனத்தை, கிட்டார் கற்கிற எல்லாப் பிள்ளைகளும் ஒரு கட்டத்தில் வாசிப்பார்கள். அதில் இரண்டே குரல். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் சம உரிமையோடு நடக்கும். என்னிடம் படிக்கிற பிள்ளைகளிடம் முதலில் கீழ்க்குரலை மட்டும் வாசிக்கச் சொல்வேன். அதை வாயால் பாடவும் சொல்வேன். பாட முடியாத பேஸை விரலால் வாசிக்கக் கூடாது என்பது என் வகுப்பின் சட்டம்.

பிரேசில் என் காதுக்கு வந்தது ஒரு கேசட்டில். கல்ஃபிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா கொண்டுவந்தது. பல வாசிப்பாளர்களின் கிட்டார் இசை கலந்த கேசட். அப்போது நான் இளைஞர் கூட்டங்களில் ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் கார்டு (சேர்ந்தொலிக்கிற சுரங்கள்) பிடித்து வாசிக்கிற பெண். அந்தக் கேசட்டில் ஒரு துண்டு, தொடங்கிய உடனே என்னை நிறுத்தியது. அதில் மெட்டு கீழே இருந்தது. தடித்த கம்பிகளில் ஓர் ஆண் குரல் இழுத்துப் பாடுகிறது. மெல்லிய கம்பிகள் மேலே கார்டுகளை மெதுவாகத் தட்டித் துணை போகின்றன. எல்லாம் தலைகீழ். அப்பா வீட்டில் தனியாகப் பாடின பேஸுக்கு யாரோ ஒருவர் மெட்டையே கொடுத்துவிட்டார் என்று தோன்றியது.

அது ஹெய்டோர் வில்லா-லோபோஸ் என்கிற பிரேசில் இசையமைப்பாளரின் முதல் பிரெலூட். 1940இல் அவர் எழுதிய ஐந்து பிரெலூடுகளில் முதலாவது. 1887இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தவர், 1959இல் அங்கேயே மறைந்தார். அவருடைய அப்பா ரவுல் தேசிய நூலகத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதிலேயே பிள்ளைக்கு செல்லோ கற்றுக்கொடுத்தார். அத்தை ஒருத்தி பியானோவில் பாக்கின் பிரெலூடுகளையும் ஃபியூகுகளையும் வாசித்துக் காட்டினாள். அப்பா போன பிறகு, அந்தக் குடும்பத்தில் மதிப்பில்லாத ஒரு கருவியை அவர் கையில் எடுத்தார். அன்றைய ரியோவில் கிட்டார் என்றால் தெருவில் திரிகிறவர்களின் கருவி. வில்லா-லோபோஸ் அந்தத் தெருக்காரர்களோடுதான் போய்ச் சேர்ந்தார்.

ஆக, முதல் பிரெலூடில் தடித்த கம்பியில் மெட்டு வந்தது சும்மா இல்லை. அது ஒரு செல்லோக்காரனின் காது. ஐந்தாம் கம்பியில் தொடங்கி வழுக்கி மேலேறுகிறதே அந்தச் சுரம், அது செல்லோவில் வில் இழுக்கிற முறை. வாசித்துப் பார்க்கிறவர்களுக்குக் கையே சொல்லும்.

சரி, தெருக்காரர்கள் வாசித்தது என்ன? இங்கேதான் ஐரோப்பா முன்பாதி, பிரேசில் பின்பாதி என்கிற கோடு அழிகிறது.

ரியோவுக்கு போல்கா நடனம் வந்தது 1845இல். பொஹீமியாவில் பிறந்து பாரிஸ் வழியாக உலகம் சுற்றிய நடனம். அதோடு வால்ட்ஸ், மசூர்கா, ஷாட்டிஷ் எல்லாம் கப்பலேறி வந்தன. பணக்கார வீடுகளில் பியானோவில் வாசித்தார்கள். அதே மெட்டுகளை நகரத்தின் மறுபக்கத்தில் புல்லாங்குழல், கவாகின்யோ என்கிற நான்கு கம்பிக் குட்டிக் கருவி, கிட்டார் இவற்றோடு வேறு ஆட்கள் வாசித்தார்கள். தபால்காரர்கள், சிறு குமாஸ்தாக்கள், ராணுவ பேண்டில் ஊதுகிறவர்கள். அவர்களில் பலர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1888இல்தான். அவர்கள் கையில் போல்கா போல்காவாக இருக்கவில்லை. மெட்டு ஐரோப்பாவுடையது, அதன் நடை மாறிவிட்டது. 1870களில் ஜொவாகிம் கல்லாடோ என்கிற புல்லாங்குழல்காரரின் கூட்டத்தில் அது ஒரு தனி இசையாக உருவெடுத்தது. ஷோரோ என்று பெயர்.

வில்லா-லோபோஸ் இளைஞனாக இந்த ஷோரோக்காரர்களோடு உட்கார்ந்து கிட்டார் வாசித்தவர். அவருடைய பிரேசிலியப் பிரபல தொகுப்பில் உள்ள துண்டுகளின் பெயர்களைப் பாருங்கள்: மசூர்கா-ஷோரோ, ஷாட்டிஷ்-ஷோரோ, வால்ஸ்-ஷோரோ, கவோட்டா-ஷோரோ, கடைசியில் ஐரோப்பியப் பெயர் எதுவும் இல்லாமல் ஷோரின்யோ. ஒவ்வொரு தலைப்பிலும் இரண்டு கரையையும் அவரே கட்டி வைத்திருக்கிறார். நான் யார் அதை இடைவேளை விட்டுப் பிரிக்க?

அதனால்தான் என் பட்டியலில் ஓரிடத்தில் பிரான்சிஸ்கோ தாரெகாவின் அதெலீத்தா வருகிறது. ஸ்பெயின்காரர், 1852இலிருந்து 1909வரை வாழ்ந்தவர். அதெலீத்தா ஒரு பக்க அளவே உள்ள மசூர்கா. அது முடிந்த மூச்சிலேயே வில்லா-லோபோஸின் மசூர்கா-ஷோரோ. நடுவில் கைதட்டல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லப்போகிறேன். இரண்டும் மூன்று எண்ணிக்கை. இரண்டும் மைனர். தாரெகாவில் பெருவிரல் அடக்கத்தோடு முதல் தட்டில் ஒரு சுரம் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும்; அழகு முழுவதும் மேல் கம்பியின் நடுக்கத்தில் இருக்கும். மசூர்கா-ஷோரோவில் மேல் மெட்டு மூச்சு விடுகிற இடைவெளியில் பெருவிரல் புகுந்து ஒரு பதில் சொல்லும், இறங்கி அடுத்த கார்டின் வாசலில் கொண்டுவிடும். ஷோரோ கிட்டார்காரர்கள் இந்தப் பேஸ் ஓட்டத்தை பைஷாரியா என்பார்கள். கூட்டத்தில் கிட்டார் வாசிக்கிறவனின் முக்கிய வேலையே அதுதான். புல்லாங்குழல் என்ன சொல்கிறதோ அதற்குக் கீழேயிருந்து மறுமொழி சொல்வது.

எனக்கு இதைக் கேட்டதும் பாக்கின் ஞாபகம் வந்தது என்று சொன்னால் மிகையில்லை. ரியோவின் தெருவில் காகிதம் இல்லாமல் வாசித்தவர்களும் லைப்சிக் ஆலயத்தில் எழுதி வைத்த பாக்கும், பேஸுக்கு ஒரே மரியாதையைக் கொடுத்தார்கள். வில்லா-லோபோஸும் இதைக் கேட்டிருக்கிறார். மூன்றாம் பிரெலூடை பாக்குக்கு வணக்கமாக எழுதினார். 1930 முதல் 1945வரை ஒன்பது பாக்கியானாஸ் பிரசிலெய்ராஸ் எழுதினார். பாக்கையும் பிரேசிலையும் ஒரே பெயரில் கட்டிய இசை. அதில் ஐந்தாவது, எட்டு செல்லோவும் ஒரு சொப்ரானோவும் சேர்ந்தது, உலகம் முழுக்கத் தெரியும்.

தாளத்துக்கு வருகிறேன். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு மேற்கத்திய நோட்டேஷன் போதவில்லை. பதினாறில் ஒரு சுரம், எட்டில் ஒரு சுரம், மறுபடி பதினாறில் ஒன்று என்று தாளில் எழுதினால் வாசித்துவிடுவார்கள். ஆனால் விறைப்பாக வரும். அதனால் வாயால் சொல்லவைப்பேன். தகதிமி, தகதிமி. நான்கு அட்சரம். இப்போது 'தி'யை விழுங்கிவிடு, 'க'வை அந்த இடம்வரை இழு. த-கா-மி, த-கா-மி. அவ்வளவுதான். ஷோரோவின் உயிர் அந்த விழுங்கின எழுத்தில் இருக்கிறது. எர்னஸ்டோ நசரேத்தின் பியானோத் துண்டுகளிலும் அதைக் கேட்கலாம், வில்லா-லோபோஸ் 1920இல் அவருக்கென்றே எழுதிய முதலாம் ஷோரோஸ் முழுவதிலும் கேட்கலாம்.

இன்னொன்று எட்டு அட்சரத்தை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பது. தகிட தகிட தக. இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கோயில் கொடையிலும் ஆலயத் திருவிழாவிலும் செண்டை மேளத்துக்கு நடுவில் வளர்ந்தவர்கள். ஒரு பையனிடம் பேஸ் கம்பியில் தகிட தகிட தக வாசி என்றேன். "இது நமக்குத் தெரிஞ்சதுதானே டீச்சர்" என்று உடனே வாசித்தான். லிஸ்பனிலிருந்து போன கப்பலும் அங்கோலாவிலிருந்து போன கப்பலும் ரியோவில் சேர்த்து வைத்த தாளம், திற்பரப்பிலிருந்து பஸ் ஏறி வருகிற பையனுக்குக் கையில் இருந்தது. எனக்கு அன்று பெரிய சந்தோஷம்.

சம்பா என்கிற பிரேசில் நடன இசை வேறு. அது இரண்டு எண்ணிக்கை. கனம் இரண்டாவது தட்டில் விழும். சூர்டோ என்கிற பெரிய முரசு அந்த இரண்டாவது தட்டை அடிக்கிறது. கிட்டாரில் பெருவிரல்தான் சூர்டோ. மேல் விரல்கள் தம்போரிம் என்கிற சின்னப் பறையின் வேலையைச் செய்யும். ஸ்பெயின்காரர்களான ஃபெர்னாண்டோ சோர், தாரெகா வழியில் படித்தவர்களுக்கு முதல் தட்டில் கனம் வைத்தே பெருவிரல் பழகியிருக்கும். அதை இரண்டாவது தட்டுக்கு நகர்த்துவது லேசான காரியம் இல்லை. உடம்பு முழுக்க நகர வேண்டும். நான் கால் மாற்றி நின்று, கையில் கிட்டார் இல்லாமல், முற்றத்தில் நடந்து பழகினேன். இன்றும் கச்சேரிக்கு முன்னால் அதைச் செய்கிறேன்.

பிரேசிலில் இந்த இரண்டு படிப்பையும் ஒரே ஆசிரியர் சொல்லிக் கொடுத்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மெய்ரா என்று எல்லோரும் அழைத்த ஜெய்மி ஃப்ளோரன்ஸ், ஷோரோக் குழுக்களில் துணைக் கிட்டார் வாசித்தவர். அவரிடம் சிறுவனாகப் படிக்கப் போனவர் பாடன் பவல். சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயரை அப்பா ஆசையாக வைத்த பிள்ளை. 1937இல் பிறந்தார், 2000இல் இறந்தார். மெய்ரா அவருக்கு தாரெகாவையும் சொல்லிக் கொடுத்தார், ஷோரோக் கூட்டத்திலும் உட்கார வைத்தார். கவிஞர் வினீசியஸ் டி மொராயிஸோடு சேர்ந்து 1966இல் அவர் வெளியிட்ட ஆஃப்ரோ-சம்பா பாடல்களைக் கேளுங்கள். அந்த வலது கையின் வேகத்துக்குக் கீழே தாரெகாவின் ஒழுங்கு அப்படியே இருக்கிறது. பின்னாளில் அதே மெய்ராவிடம் படித்தவர் ரஃபேல் ரபெல்லோ. ஏழு கம்பிக் கிட்டாரைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர். முப்பத்திரண்டு வயதில் 1995இல் போய்விட்டார். இவர்கள் யாரும் இது ஐரோப்பா, இது நம்முடையது என்று கையை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் பிரேசில் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். வெட்டி, சிரட்டை வைத்து, திரும்பி வந்து பால் எடுத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு, ஒட்டுப்பாலைத் தனியாகக் கட்டி வைத்த பிறகுதான் அவருக்குக் காலைச் சாயா. அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவள். தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த அவள் விரல்களை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும் மறைக்க முடியாது. ராத்திரி எங்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும். ரப்பர் மரம் அமேசான் காட்டுடையது. 1876இல் ஹென்றி விக்காம் என்கிற ஆங்கிலேயர் விதைகளை அள்ளி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோக, அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. அதற்குப் பிறகு நம் மலைகளுக்கும் ரப்பர் வந்தது. கொல்லாமரம் என்கிற முந்திரி மரம் போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. மரச்சீனியும் அந்தக் கண்டத்துக் கிழங்குதான். அதைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மூன்றும்தான் எங்களை வளர்த்தன. மரச்சீனியை வெளிநாட்டுச் சாப்பாடு என்று விளவங்கோட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்! ஒரு செடி எந்த மண்ணில் எத்தனை பேர் கைப்பட்டு வளர்ந்ததோ அந்த மண்ணுக்கும் உரியதாகிவிடுகிறது. இசைக்கும் எனக்கு இதே எண்ணம்தான்.

கிட்டாரே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. என் கிட்டாரின் மேல்பலகை ஐரோப்பிய மலைகளில் வளர்கிற ஸ்ப்ரூஸ். பக்கப் பலகையும் முதுகும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். முற்காலத்தில் நல்ல கிட்டார்களுக்கு முதுகு பிரேசிலின் ஜக்கராண்டா என்கிற ரோஸ்வுட்டில்தான். காட்டையே வெட்டித் தீர்த்த பிறகு 1960களில் அந்த மரம் கிடைப்பது அரிதாயிற்று. 1992இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலிலும் ஏறியது. அந்த இடத்தை நிரப்பியது தென்னிந்திய ஈட்டி. இன்று ஸ்பெயினில் செய்கிற கிட்டாரிலும் ஜப்பானில் செய்கிற கிட்டாரிலும் நம் காட்டு மரம் இருக்கிறது. வில்லா-லோபோஸை வாசிக்கும்போது என் நெஞ்சில் சாய்ந்து அதிர்கிறது அந்த ஈட்டி.

நம் ஊர்க் காற்றில் இந்தக் கருவியை வைத்துக்கொள்வது தனிப் பாடு. இடவப்பாதி மழை தொடங்கினால் மேல்பலகை ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பிகள் உயர்ந்துவிடும், இடது கை நோகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கிறேன், வாசிக்காத நேரத்தில் பெட்டியை மூடியே வைக்கிறேன். நகத்துக்கும் கவனம் வேண்டும். வலது கை நகங்களை மிக நைசான உப்புத்தாளில் தேய்த்து வழுவழுப்பாக வைத்திருக்க வேண்டும். சின்னப் பிசிறு இருந்தாலும் முதல் கம்பியில் கேட்டுவிடும். அம்மா என் நகத்தைப் பார்க்கும் பார்வையை நான் அறிவேன். அண்டி ஆபீசில் நகம் வளர்க்கவே முடியாது. நான் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவப் போனால் இன்றும் அவள்தான் தடுக்கிறாள். "விடு மக்களே, நகம் போயிரும்." இந்த நகங்கள் அவளுடைய கைகள் எனக்கு வாங்கித் தந்தவை. ஒவ்வொரு கச்சேரியிலும் அதை நினைத்துக்கொண்டே உட்காருகிறேன்.

மீதிப் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் பாக்கின் முதல் செல்லோ தொகுப்பின் பிரெலூட். ஒரே ஒரு செல்லோவுக்கு எழுதியது. கார்டுகளைப் பிரித்துப் பிரித்து ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. அதைத் தொடர்ந்து வில்லா-லோபோஸின் முதல் எடூட், அதாவது பயிற்சித் துண்டு. 1920களில் ஆந்த்ரேஸ் செகோவியா என்கிற ஸ்பெயின் கிட்டார்காரருக்காக அவர் எழுதிய பன்னிரண்டில் முதலாவது. அதுவும் முழுக்கக் கார்டு பிரிப்புதான். ஒவ்வொரு அளவும் இரண்டு தடவை வரும். நடுவில் இடது கை ஒரே பிடியை வைத்துக்கொண்டு ஃப்ரெட் ஃப்ரெட்டாகக் கீழே வழுக்கி வரும். இரண்டு ஓரத்து இ கம்பிகளும் திறந்தபடி ஒலித்துக்கொண்டே இருக்கும். பியானோவில் இதை யோசித்திருக்க முடியாது. கிட்டாரை மடியில் வைத்தவன்தான் கண்டுபிடிப்பான். பாக்கை முதலில் கேட்ட காதுக்கு எடூட் எங்கேயிருந்து வந்தது என்று தெரியும், எவ்வளவு தூரம் போய்விட்டது என்றும் தெரியும். இடைவேளைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் வைத்தால் அந்தத் தூரம் கேட்காது.

பிறகு சோரின் பி மைனர் எடூட், அமைதியான துண்டு. அதன் பக்கத்தில் மூன்றாம் பிரெலூட்.

ஜொவாவ் பெர்னம்புகோவின் சோன்ஸ் டி கர்ரில்யோயிஸ் நிச்சயம் உண்டு. இந்த மனிதரைப் பற்றி எத்தனை எழுதினாலும் எனக்குத் தீராது. 1883இல் பிரேசிலின் வடகிழக்கு வறண்ட நாட்டில் பிறந்தவர். இரும்புப் பட்டறையில் வேலை செய்து பிழைத்தவர். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. அவர் வாசித்ததை மற்றவர்கள் கேட்டு எழுதிவைத்தார்கள். சம்மட்டி பிடித்த கையிலிருந்து வந்த அந்த மெட்டு ஆலயமணிகள் முழங்குகிற துண்டு. இன்று உலகத்து இசைக் கல்லூரிகள் பலவும் அதைப் பாடமாக வைக்கின்றன. ஆறாவது கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ள வேண்டும். அப்போது பெருவிரலுக்குக் கீழே ஒரு புது ஆழம் திறக்கும். முந்திய பயிற்சியில் அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். மற்றத் துண்டுகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மட்டும், "இதுல பேஸுகாரனுக்கு நல்ல வேலை இருக்குல்லா மக்களே" என்றார். ஐம்பது வருசமாகப் பேஸ் பாடுகிறவர் தன் ஆளைக் கண்டுகொண்டார்.

கரோட்டோவின் ஒரு துண்டோடு முடிக்கிறேன். அனீபால் அகுஸ்டோ சர்தின்யா என்பது அவர் முழுப்பெயர், 1915இல் சாவோ பாலோவில் பிறந்து, நாற்பது நிறையும் முன் 1955இல் இறந்தவர். அவருடைய கார்டுகளில் ஃபிரெஞ்சு இசையின் நிறமும் ஜாஸ்ஸின் நிறமும் இருக்கிறது, கீழே சம்பா விடாமல் நடக்கிறது. போசா நோவா என்று உலகம் பின்னால் கொண்டாடிய இசைக்கு இவர் கார்டுகள் வழி போட்டன என்று பிரேசில்காரர்கள் சொல்வதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

கற்றுக்கொள்ள நினைக்கிற பிள்ளைகள் எந்த வரிசையில் போகலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் வரிசை இது. முதலில் பாக்கின் பூரே, கீழ்க்குரலைப் பாடிக்கொண்டே. அடுத்து தாரெகாவின் லாக்ரிமாவும் அதெலீத்தாவும். மேல் கம்பியில் ஒலி எப்படிச் செய்வது என்று அவை கற்றுத்தரும். பிறகு சோன்ஸ் டி கர்ரில்யோயிஸ். முதல் பிரெலூட் அதற்கு அடுத்தது. தடித்த கம்பியில் மெட்டை இழுக்கும்போது மேல் கார்டுகள் அதை அமுக்காமல் பார்த்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகலாம், அந்த மாதங்களைக் கொடுங்கள். முதலாம் ஷோரோஸைக் கடைசியில் எடுங்கள். தொடக்கத்தில் நிறுத்தி நிறுத்தி வருகிற அந்த மூன்று சுரங்களை அவசரமாகக் கடக்காதீர்கள். அதற்குப் பிறகு த-கா-மி நடை தொடங்கினால் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, ஒருவர் கைத்தட்ட இன்னொருவர் வாசியுங்கள். முதல் பகுதி ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் பெருவிரல் வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும்.

நிகழ்ச்சி மாலை ஆறரைக்கு. அனுமதிச் சீட்டு கிடையாது. பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள், வலது கை அங்கேதான் நன்றாகத் தெரியும்.